ஹாஜோ குளத்து ஆமைகள் சொல்லும் தண்ணீர்ப் பாடம்

அசாமின் குவாஹாத்தியிலிருந்து பிரம்மபுத்திராவைக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஹாஜோ வருகிறது. வழியெல்லாம் நெல் வயல், கமுகு, மூங்கில். ஊரில் மணிகூட் குன்றின் மேல் ஹயக்ரீவ மாதவர் கோயில் இருக்கிறது. இப்போதுள்ள கோயிலை 1583-ம் ஆண்டில் கோச் மன்னர் ரகுதேவ நாராயண் கட்டினார். குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது கோயில் குளம்.

படியில் நின்று ஒரு கைப்பிடி பொரியை வீசினால் போதும். கலங்கிய நீரிலிருந்து நீண்ட மூக்குள்ள தலைகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அவற்றில் கறுப்பு மென் ஓட்டு ஆமையும் உண்டு. இந்த இனம் இயற்கையில் அற்றுப்போய்விட்டது என்று 2002-ம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. அப்போதும் கோயில் குளங்களில் அது பிழைத்திருந்தது. திருமாலின் கூர்ம அவதாரம் என்று நம்பி யாரும் பிடிக்காததே காரணம். பிறகு பிரம்மபுத்திரா பகுதியின் நீர்நிலைகளிலும் சில கண்டறியப்பட்டன.

காப்பாற்றிய அந்தப் பக்தியே இப்போது குளத்துக்குச் சுமையாகவும் இருக்கிறது. மீன், நத்தை தின்னும் ஆமைக்குப் பொரியும் பிஸ்கட்டும் ரொட்டியும் விழுகின்றன. தின்றது போக மிச்சம் அடியில் அழுகுகிறது. ஆமையின் கழிவும் அதோடு சேர்கிறது. இரண்டிலிருந்தும் வருவது அம்மோனியா. வெயில் ஏற ஏற, நீரின் காரத்தன்மை கூடக் கூட அதன் நச்சும் கூடும்.

ஆற்றில் இதைச் சரிசெய்ய ஓட்டம் இருக்கிறது. தேங்கிய குளத்தில் அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். வயலில் யூரியா போட்டபின் மண்ணில் நடப்பதும் இதே வேலைதான். வடிகட்டி என்பது இந்த நுண்ணுயிர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் வீடு. வெறும் அழுக்குச் சல்லடை அல்ல.

ஹாஜோ போன்ற பெரிய குளத்துக்கு டிரம் வடிகட்டி போதாது. அங்கே தீனியைக் குறைப்பதும், ஓரத்தில் நீர்ச்செடிகளை விடுவதும்தான் வழி. ஆனால் 1,000 லிட்டர் அளவிலான மீன் தொட்டிக்கோ வாத்துத் தொட்டிக்கோ 200 லிட்டர் நீல டிரம் ஒன்றே நல்ல வடிகட்டியாகும்.

டிரம்மைத் தொட்டியைவிட உயரமாக வைக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் மோட்டாரின் வாயில் வலை கட்டி, தண்ணீரை டிரம்மின் அடிப்பகுதிக்கு ஏற்ற வேண்டும். அடியில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டால் சேறு அங்கே தங்கும். அதைத் திறந்துவிட ஒரு வால்வு வேண்டும். அதற்கு மேல் கம்பி வலை, வலைமேல் உடைத்த செங்கல்லும் ஜல்லியும். மேலே வழியும் நீரை, கல்வாழை அல்லது சேம்பு நட்ட வாய்க்கால் வழியாகத் தொட்டியில் விழவிட்டால், விழும்போதே காற்றும் கலக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தொட்டியின் நீர் முழுவதும் சுற்றி வர வேண்டும்.

புது டிரம் பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை உயிரினங்களைக் குறைவாக விட வேண்டும். ஜல்லியைக் கழுவினால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனால், டிரம்மில் தேங்கி நாறும் நீரை வெளியே வடித்துவிட்ட பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

தண்ணீர் மட்டும் நன்றாக இருந்தால் ஆமைக்குப் போதாது. அது மண்ணில் ஏறித்தான் முட்டையிடும். கரை முழுவதும் சிமென்ட் பூசிவிட்டால், நீரில் நூறு ஆமை இருந்தாலும் அடுத்த தலைமுறை இல்லை. அசாமின் கோயில் குளத்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, அந்தக் குஞ்சுகளை 2019-ம் ஆண்டில் போபிதோரா சரணாலயத்தில் விட்டார்கள். கோயில் குளத்தில் பிழைத்த இனம் காட்டுக்குத் திரும்பத் தொடங்கியது அப்படித்தான்.

நம்மூர்க் கிணற்றிலும் ஏரியிலும் தென்படும் பாலாமையை வீட்டில் வளர்க்கலாமா என்றால், கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்த்துச் சலித்தபின் அதை ஏரியில் விட்டால், பாலாமையின் இரையும் இடமும் பறிபோகும். கிணற்றில் இருக்கும் ஆமை அங்கேயே இருக்கட்டும். பூச்சிமருந்து டப்பாவை அந்தத் தண்ணீரில் கழுவாமல், ஏரிக்கரையில் கொஞ்சம் மண்ணை மண்ணாக விட்டால் அதுவே அதற்குப் போதும்.