எட்டயபுரம் போனால், முதலில் இட்டிலி!

விளாத்திகுளத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனால் எட்டயபுரத்தைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. 1882-ல் பாரதியார் பிறந்த ஊர். கல்கியின் பெருமுயற்சியால் எழும்பி, 1947-ல் ராஜாஜி திறந்து வைத்த மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது.

முதல் தடவை, "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டோம். சுற்றிப் பார்த்து முடிக்கும்போது மணி பதினொன்று. பசியில் அழுத குழந்தைக்கு வழியில் கிடைத்த ஆறிய இட்டிலியையும் தேங்காய்ச் சட்னியையும் ஊட்டினேன். சாயங்காலமே வாந்தி, பேதி! உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டி, விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தடவை உஷாராகிவிட்டேன். காலை ஏழு மணிக்கே எட்டயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர்க்காரர்கள் எந்தக் கடையில் மொய்க்கிறார்கள் என்று பார்த்தேன். கூட்டம் இருக்கும் கடையில் பண்டம் தங்காது. ஈடு ஈடாக இட்டிலி இறங்கும்.

"புள்ளைக்குச் சட்னி வேண்டாம் தாயி, கொதிக்கிற சாம்பார் தாரேன்" என்றார் கடைக்கார அம்மாள்.

எவ்வளவு அனுபவ அறிவு! கரிசல்காட்டு வெயிலில் தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும். ஆவி பறக்கும் இட்டிலிக்கு அந்தப் பயம் குறைவு.

நீங்களும் குழந்தையோடு போகிறீர்களா? காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் நாலு வாழைப்பழமும் பையில் இருக்கட்டும். முதலில் வயிறு, பிறகு மண்டபம். அன்று என் பெண் சிணுங்கவே இல்லை. பாரதியார் சிலைக்கு முன்னால் நின்று, பள்ளியில் கற்ற பாப்பா பாட்டை முழுசாகப் பாடிவிட்டுத்தான் நகர்ந்தாள்!