பெட்டியில் வந்த அலமாரி

ஊரில் நம் பாட்டனார் வைத்திருந்த தேக்குப் பெட்டி மூன்று தலைமுறைகளைக் கண்டது. கால் ஒடிந்தால் ஆசாரி வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போவார். தேவ்நாரில் ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கோ தேக்கு எட்டாக் கனி. ஆகவே, பலகை பலகையாகப் பெட்டியில் வந்து, வீட்டில் பூட்டிக்கொள்ளும் மலிவான சாமான்களே நமக்குத் துணை. ரயில்வே எழுத்தர் சம்பளத்தில் காலந்தள்ளும் நம் இல்லத்திலும் அத்தகைய அலமாரி ஒன்று உண்டு. அது ஏழு மழைக்காலங்களைக் கடந்து இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

இம்முறை புதியதன்று. 1859-இல் வெளிவந்த தோனெட் நாற்காலியைப் பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 அடங்கின. 1956-இல் ஸ்வீடன் நாட்டு ஐகியா நிறுவனம் மேசைக்காலைக் கழற்றிக் கட்டி விற்கலாயிற்று. 2020 டிசம்பரில் அதன் கடை நவி மும்பைக்கும் வந்தது. சரக்கு ஏற்றுவதில் இடமே காசு என்பதை ரயில்வேக்காரர் நன்கறிவர். அந்தச் சிக்கனத்தால் விலை குறைகிறது.

நிற்க. இச்சாமான்களில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு என்னும் பலகையால் ஆனவை. மரத்துகள்களைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்வது அது. நீர் புகுந்தால் துகள்கள் உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பா. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்நகரில், முதற் பகை தண்ணீரே. எனவே அலமாரியைத் தரையில் படிய வைக்காமல், கால்களின் கீழ் ரப்பர் கட்டைகளை வைக்க வேண்டும். சுவருக்கும் முதுகுக்கும் நான்கு விரல் இடைவெளி அவசியம். மேலுறை இல்லாத அறுப்பு ஓரங்களில் வார்னிஷ் பூசிவிட்டால் ஈரம் ஏறாது. தரை துடைக்கும் ஈரத்துணி அதன் அடியில் படலாகாது.

இரண்டாவது, திருகாணி. அளவுக்கு மீறி முறுக்கினால் துகள் பொடிந்து துளை தளரும். கை பலமே போதும். தளர்ந்த துளையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளைச் செருகி, ஓர் இரவு உலரவிட்டுத் திருகினால் பிடிப்பு மீளும். முதுகிலுள்ள மெல்லிய பலகையை வீண் என எண்ணி விட்டுவிடலாகாது. அலமாரி ஒரு பக்கமாய்ச் சாயாமல் காப்பது அதுவே.

மூன்றாவது, பாரம். கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும். நடுவில் தொய்ந்த தட்டைத் திருப்பிப் போடலாம். இடம் மாற்றும்போது இழுக்காமல், காலி செய்து இருவர் தூக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், மேற்புறத்தைச் சுவரோடு பிணைத்துவிடுவது உயிர்க்காப்பு.

தேவ்நாரில் வாழ்வோர்க்கு இது வெறும் சிக்கன விஷயமன்று. எறிந்த பொருள் எங்கோ போய்விட்டது என்று நகரின் பிற பகுதியினர் எண்ணலாம்; நமக்கு அவ்வாறு எண்ண வழியில்லை. 1927-இல் தொடங்கிய குப்பைமேடு நம் அண்டையிலேயே நிற்கிறது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை நகரையே மூட, மாநகராட்சிப் பள்ளிகள் பல மூடப்பட்டன. உப்பிய பலகையை நம் தெருவுக்கு வரும் பழைய சாமான்காரர் வாங்குவதில்லை. கீல்களையும் திருகாணிகளையும் மட்டும் கேட்கிறார். பிசின் கலந்ததாதலால் அதை அடுப்பில் எரிப்பதும் கூடாது. அதன் புகை கேடு தரும். பிறகு அதற்குக் குப்பையன்றிப் போக்கிடம் ஏது?

அடுத்த மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திருப்புளியும் வார்னிஷும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுச் சாமான்களைச் சுற்றிப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி செருகும் வேலையை அவர்கள் விரும்பிச் செய்வார்கள்.