பழைய வரியை அழிக்காதீர்கள்

திறமூல மென்பொருள் ஒன்றின் பாதுகாப்புப் பக்கத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சாதாரண நாட்களில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. திறப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர், ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதை யாரிடம் சொல்வது என்று தேடுபவர். இன்னொருவர், தன் சர்வர் பத்திரமாக இருக்கிறதா என்று தெரியாமல் தூக்கத்தைத் தொலைத்தவர். இருவருக்குமே நிதானமாகப் படிக்க நேரமில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே நம்பிச் செய்துவிடுவார்கள்.

பார்வைக்கு அது சின்னப் பக்கம்தான். ஓட்டையைப் பொதுவெளியில் போடாமல் ரகசியமாகத் தெரிவிக்க ஒரு முகவரி, எத்தனை நாளில் பதில் வரும் என்ற உறுதி, எந்தெந்தப் பதிப்புகளுக்கு இன்னும் பேட்ச் வரும் என்று சொல்லும் ஓர் அட்டவணை. எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அதை உண்மையாகவே வைத்திருப்பதுதான் வேலை. புதிய ரிலீஸ் வரும்போது அட்டவணை மாற வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் விலகினால் முகவரியை வேறொருவர் பார்க்க வேண்டும். இணையதளங்கள் பாதுகாப்புத் தொடர்பு விவரத்தை வெளியிடுவதற்காக 2022இல் வந்த ஆர்எஃப்சி 9116 என்ற இணைய ஆவணம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. அந்த விவரத்தைத் தாங்கும் கோப்பில், மருந்து அட்டையில் இருப்பதுபோல, காலாவதித் தேதி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் ஓராண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது. தேதி தாண்டிவிட்டால் அந்த விவரத்தை நம்பக் கூடாது.

ஆனால் காலாவதியாகும் வரியைவிட ஆபத்தானது, நேற்று சரி என்று சொல்லி இன்று தவறாகிப்போன அறிவுரை. அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை நான் கற்றது லாக்4ஜேயின் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து.

ஜாவா நிரல்கள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் நூலகம் லாக்4ஜே. பதிவாகும் வாசகத்தில் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து வரும் நிரலை அது இயக்கிவிடக்கூடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைச் செய்தி ஒன்றை அனுப்பியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவினர் இந்த ஓட்டையை, நூலகத்தைப் பராமரிக்கும் அப்பாச்சிக்கு ரகசியமாகத் தெரிவித்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் விஷயம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஓட்டையின் தீவிரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் பத்துக்குப் பத்து.

2.15.0 பதிப்புக்கு மாறுங்கள், முடியாவிட்டால் இந்த ஓர் அமைப்பை மாற்றி வையுங்கள் என்று முதலில் அறிவுரை வந்தது. சில நாட்களிலேயே இரண்டும் போதாது என்று தெரிந்தது. சில அமைப்புகளில் வேறு வழியாக உள்ளே வர முடிந்தது. அந்த இரண்டாவது ஓட்டைக்கு முதலில் 3.7 என்று போட்ட மதிப்பெண்ணை 9.0 ஆக உயர்த்தினார்கள். டிசம்பர் முடிவதற்குள் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன.

இவ்வளவு நெருக்கடியிலும் லாக்4ஜே குழு பழைய அறிவுரையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடவில்லை. முன்பு சொன்ன வழிகள் இவை, இவற்றால் முழுப் பாதுகாப்பு கிடைக்காது என்று தனித் தலைப்பில், காரணத்தோடு எழுதி வைத்தார்கள்.

அதன் அருமை, சர்வர் பார்ப்பவரின் இடத்திலிருந்து யோசித்தால் புரியும். முதல் நாள் சொன்னபடி அமைப்பை மாற்றிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சில நாள் கழித்து வந்து பார்க்கிறார். பழைய வரியை நீக்கியிருந்தால், தான் செய்த வழி பக்கத்திலேயே இருக்காது. புதிய பதிப்பு வந்ததால் சுருக்கிவிட்டார்களா, அல்லது அது தவறு என்று விலக்கிவிட்டார்களா? அவருக்குத் தெரிய வழியில்லை. பக்கத்தின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் எல்லாம் இருக்கிறதே என்று சொல்லலாம். நடுராத்திரியில் அதையெல்லாம் தோண்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ‘நீங்கள் செய்தது போதாது’ என்று அவரிடம் நேராகச் சொல்ல, அந்தப் பழைய வரி அங்கேயே இருக்க வேண்டும்.

நல்ல திட்டங்கள் பலவற்றில் இந்தப் பண்பு இருக்கிறது. இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ தன் பாதுகாப்புக் குறைகளை 2006இலிருந்து வரிசையாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல், ஒவ்வொரு குறைக்கும் எந்தப் பதிப்பில் தொடங்கி எதில் முடிந்தது என்று தனிப் பக்கமே தருகிறது. 2023 அக்டோபரில் 8.4.0 வந்தபோது, அதில் சரிசெய்த ஓர் ஓட்டையால் 7.69.0 முதல் 8.3.0 வரை பாதிப்பு என்று அறிவித்தார்கள். அதோடு நிற்காமல், அந்தப் பிழையைத் தானே எழுதியது எப்படி என்று கர்லின் நிறுவனர் டேனியல் ஸ்டென்பர்க் விரிவாக விளக்கினார்.

குறைகளை அடுக்கி வைத்தால் திட்டத்தின் பெயர் கெட்டுவிடும் என்று புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் தயங்குகிறார்கள். ஆனால் ஓட்டையே இல்லாத மென்பொருள் கிடையாது என்பது பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும். அவர்கள் தேடுவது, தெரிந்ததை மறைக்காமல் சொல்கிற குழுவை. எனவே அறிவுரை மாறும்போதெல்லாம் பழையதை வைத்துக்கொண்டே, எந்தத் தேதியில், ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் எழுதுங்கள். அட்டவணை திருத்தப்படாமல் ரிலீஸை வெளியிடாதீர்கள். முகம் தெரியாத ஒருவர் நம் சொல்லை நம்பித் தன் சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார். அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இது.