மாமாவின் ஜீப்பும் ஜப்பானுக்குப் போகும் கடிதமும்

மாமாவின் ஜீப்புக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. இறம்பொடை இறக்கத்துல பிரேக் கருகி மணக்கும். பழைய பிரேக் ஒயில் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், சூட்டுல கொதிச்சா பெடலை மிதிச்சும் பிரயோசனமில்ல. அதனால சின்ன கியர்லதான் இறக்குவார். அட்டன் கராஜ் பாஸ் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஏர்பேக் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. வருசக்கணக்கில் ஈரமும் வெப்பமும் பட்டால், ஏர்பேக் விரியும்போது அது அளவுமீறி வெடித்து உலோகத் துண்டுகள் முகத்தில் பாயலாம். பல கம்பனிகள் கோடிக்கணக்கான வாகனங்களைத் திருப்பியழைத்தன. தகாட்டா 2017இல் வங்குரோத்தானது.

ஆனா அந்தக் கடிதம் ஜப்பானில் பதிவான உரிமையாளருக்குத்தானே போகும்? ரீகண்டிஷனாக வந்திறங்கி, கொழும்பு வெயிலில் பத்து வருசம் நின்று, நாலு கை மாறி மலையேறிய ஜீப்பை யார் தேடுவார்? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் பழசுகளுக்கு ஆயுசு வேற கூடிப்போச்சு.

துருவைச் சுரண்டி செசி நம்பரை எழுதி எடுத்திருக்கிறேன். ஏஜன்சியில் கேட்க வேணும். “இத்தன வருசமா ஒண்ணும் ஆகலியே”ன்னு மாமா சிரிக்கிறார். தங்கச்சியை மட்டும் இப்போ பின்சீட்டில்தான் ஏத்துறார்.