மதகு மாறாமல் தூர் வாருதல்

 

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி நன்கு தெரியும். ஏரியைத் தூர் வாரும்போது அடியில் படிந்த வண்டலை அள்ளலாம். கரையில் மண்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கலாம். ஆனால் மதகும் கலிங்கும் இருந்த மட்டத்திலேயே இருக்க வேண்டும். அந்த மட்டத்தை நம்பித்தான் கீழே உள்ள வயல்கள் உழப்பட்டிருக்கின்றன. தூர் வாருகிறோம் என்று சொல்லி மதகை மாற்றி வைத்தால், ஏரி ஆழமாகும், வயல் காயும்.

கணினிக்குள்ளும் இத்தகைய தூர் வாரும் பணி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கணினித் துறையில் படித்து, சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் சில ஆண்டுகள் பணியாற்றி, இப்போது ஊரோடு இருக்கும் எங்களில் சிலர், விடுமுறை நாள்களில் கூடிப் பழைய கணினிகளைச் சீர்செய்து மாணவர்களுக்குக் கொடுத்து வருகிறோம். 2011 ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் இன்றும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுத்துப் பயன்படுத்துவது பிறர் உரிமையைப் பறிப்பதாகும் என்பதால், எவரும் தடையின்றிப் பயன்படுத்த உரிமம் வழங்கும் லினக்ஸையே அவற்றில் நிறுவுகிறோம். அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இவ்வகைப் பழைய கணினிகளின் திரையில் எழுத்தும் படமும் தோன்றுவது எக்ஸ்.ஆர்க் என்னும் டிஸ்பிளே சர்வரின் வழியாகத்தான்.

டிஸ்பிளே சர்வர் என்றால் என்ன? கணினியில் ஒரே வேளையில் பல மென்பொருள்கள் இயங்குகின்றன. திரையோ ஒன்று; விசைப்பலகையும் மவுஸும் ஒவ்வொன்றுதான். எந்தச் சாளரம் மேலே நிற்கும், தட்டிய எழுத்து எந்த மென்பொருளுக்குப் போய்ச் சேரும், எந்த இடத்தில் எதை வரைவது என்பனவற்றையெல்லாம் நடுவே நின்று பங்கிட்டுக் கொடுப்பதே டிஸ்பிளே சர்வரின் வேலை. அது சரியாக நடக்கும் வரை அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரியாது. நின்றுவிட்டால் திரை கறுத்துவிடும்.

1984 ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் எக்ஸ் சாளர அமைப்பைத் தொடங்கினர். 1987 செப்டம்பரில் அதன் பதினோராம் பதிப்பு வெளியானது. எக்ஸ் 11 எனப்படும் அந்த நெறிமுறையே இன்றளவும் நிலைத்திருக்கிறது. 2004 இல், அதுவரை பரவலாக இருந்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டத்தின் உரிமம் மாற்றப்பட்டபோது, அதை ஏற்காத பலர் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையின் கீழ் ஒன்றுசேர்ந்தனர். 2005 டிசம்பரில், ஒரே பெருங்குவியலாக இருந்த மூலநிரல் பல சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அதன் பிறகே வெளியிலிருந்து வருபவர் ஒரு மூலையை மட்டும் எடுத்துப் படிப்பதும் திருத்துவதும் எளிதாயிற்று.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேருடைய கைகள் பட்ட சி மொழி நிரலில் வண்டல் படிவது இயல்பே. அந்த வண்டல் எத்தகையது என்பதற்குச் சில சான்றுகள் காட்டுகிறோம்.

1989 இல் சி மொழிக்குத் தரம் வகுக்கப்படும் முன்னர், ஒரு செயற்கூறு எத்தகைய மதிப்புகளை ஏற்கும் என்பதை அதன் அடைப்புக்குறிக்குள் எழுதாமல் கீழே தனித்தனி வரிகளில் எழுதுவார்கள். அப்படி எழுதினால், அழைப்பவர் தவறான வகை மதிப்பைக் கொடுத்தாலும் கம்பைலர் எச்சரிக்காது. எக்ஸ் பிறந்தது அந்தக் காலத்தில். ஆகவே அந்தப் பழைய நடையிலிருந்த செயற்கூறுகளைப் புதிய நடைக்கு மாற்றுவது துப்புரவுப் பணியின் பெரும்பகுதியாக இருந்தது.

நினைவகத்தைக் கேட்டுப் பெறுவதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் சி மொழியிலேயே செயற்கூறுகள் இருக்க, சர்வர் தனக்கென வேறு பெயர்களில் அவற்றைப் போர்த்தி வைத்திருந்தது. 2010 இல் அந்தப் போர்வைகள் விலக்கப்பட்டு, எல்லோரும் அறிந்த பெயர்களே எழுதப்பட்டன. சில வகைக் கணினிகள் எண்களின் பைட்டுகளை முன்பின்னாக அடுக்கும். அவற்றை மாற்றி அடுக்கும் குறுநிரல், தன்னை அழைக்கும் ஒவ்வொரு செயற்கூறும் ஓர் உதிரி மாறியை அறிவிக்க வேண்டுமெனக் கேட்டு வந்தது. 2011 இல் அந்த மாறி குறுநிரலுக்குள்ளேயே வைக்கப்பட்டது. 2012 இல் கீத் பேக்கார்ட் என்னும் மூத்த நிரலாளர் சர்வரின் மூலநிரல் முழுவதையும் ஒரே சீரான எழுத்து நடைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டில், காலம் கடந்துபோன எக்ஸ்.ஏ.ஏ. என்ற வரைகலை முடுக்கப் பகுதி முற்றாக நீக்கப்பட்டது.

இவற்றில் எதனாலும் திரையில் ஒரு புள்ளிகூட அழகாகவில்லை. பயன்படுத்துபவர் எவருக்கும் வேறுபாடு தெரியாது. பின் எதற்காக இந்த உழைப்பு என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்வைச் சொல்கிறோம்.

எக்ஸ் அமைப்பு எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் நூலகத்தில், ஓர் எழுத்தின் பெயரை வாங்கி 100 இடங்கள் கொண்ட பெட்டியில் வைக்கும் வரி ஒன்று இருந்தது. பெயர் அதைவிட நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த வரி கேட்கவில்லை. தீய எண்ணம் கொண்ட ஒருவர் மிக நீண்ட பெயருடன் ஓர் எழுத்துருக் கோப்பை உருவாக்கிக் கொடுத்தால், பெட்டி நிரம்பி வழிந்து அருகிலுள்ள நினைவகம் சிதையும். சர்வரையே தம் வசப்படுத்தவும் வழி பிறக்கும். 1991 இல் நுழைந்த இப்பிழை, 2014 ஜனவரியில்தான் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. மூலநிரலை வரிவரியாகச் சோதிக்கும் ஒரு கருவியை ஓட்டியபோது அது கண்ணில் பட்டது. திருத்தம் எவ்வளவு தெரியுமா? அந்த வரியின் நடுவே 99 என்ற இரண்டு இலக்கங்கள் சேர்க்கப்பட்டன; அவ்வளவே. இரண்டு இலக்கங்கள் இல்லாத குறை 22 ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் உள்ள கணினிகளில் மறைந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இல்யா வான் ஸ்ப்ருண்டெல் என்ற ஆய்வாளர் கண்டறிந்த பத்துக்கும் மேற்பட்ட பிழைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் சில 1987 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருந்தவை.

குப்பை நிறைந்த இடத்தில் பாம்பு இருப்பது தெரியாது. துப்புரவின் பயன் அதுதான். பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவதும் ஈமானைச் சார்ந்த செயலே என்று சிறு வயதில் மதரஸாவில் கற்றவர்கள் நாம். முள் குத்தாமல் நடந்து போனவருக்கு, அதை எடுத்துப் போட்டவர் யாரென்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் துப்புரவுக்கும் வரம்பு உண்டு. இங்கேதான் மதகின் மட்டம் நினைவுக்கு வருகிறது. எக்ஸ் 11 நெறிமுறை என்பது சர்வர் மென்பொருள்களுக்குக் கொடுத்த வாக்கு. சர்வருக்குள் எதை மாற்றினாலும், அந்த வாக்கை நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள் முன்போல் இயங்க வேண்டும். இன்னொரு பக்கம், வரைகலை அட்டைகளுக்கான இயக்கிகள் சர்வரின் உள்ளமைப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பயனற்றது போலத் தோன்றும் ஒரு புலத்தை நீக்கினாலோ, இரண்டு புலங்களின் வரிசையை மாற்றினாலோ, மீண்டும் தொகுக்கப்படாத இயக்கி தவறான இடத்தில் கை வைக்கும். அந்த இயக்கி எவருடைய கணினியில் இருக்கிறதோ அவருடைய திரை கறுக்கும். அவர் தேர்வுக்குப் படிக்கும் மாணவராகவும் இருக்கலாம்.

2025 இல் எக்ஸ்.ஆர்க் களஞ்சியத்தில், முன்னர் துப்புரவு என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருந்த பல மாற்றங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் எக்ஸ்லிப்ரே என்ற தனிக்கிளையும் பிரிந்தது. எந்தத் தரப்பில் நியாயம் மிகுதி என்று தீர்ப்பு வழங்குவது எங்கள் நோக்கமன்று. நிரலைத் தூய்மைப்படுத்தும் பணியே அதைப் பேணும் கூட்டத்தைப் பிளக்கும் அளவுக்குப் போகக்கூடும் என்பது நாம் கருத வேண்டிய செய்தி. சீர்திருத்தம் செய்பவரின் எண்ணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. தம் செயலால் யாருக்குத் தொல்லை நேரும் என்று முன்னரே விசாரிப்பதும், அறிந்தவர்களுடன் மஷூரா செய்வதும், எதிர்ப்பவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதும் அந்த அமானத்தின் பகுதிகளே. ஒரு மஹல்லாவின் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வீர்கள்.

வேலண்ட் என்ற புதிய முறை வந்துவிட்டதே, பழையதைத் தூர் வாருவானேன் என்று சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. வேலண்டில் பழைய மென்பொருள்களை இயங்க வைக்கும் எக்ஸ்வேலண்ட் என்ற பகுதி, எக்ஸ் சர்வரின் அதே மூலநிரலிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே அங்கே செய்யும் துப்புரவு புதிய கணினிக்கும் பயன்படும். அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிய பழைய மடிக்கணினிக்கும் பயன்படும்.

மற்றொரு கேள்வி இதைவிடக் கடினமானது. "இதில் வருமானம் உண்டா காக்கா?" என்று, பட்டப்படிப்பு முடித்து வேலை தேடும் தம்பிமார்கள் கேட்கிறார்கள். வீட்டில் தங்கையின் திருமணம் காத்திருக்கிறது. வெளிநாட்டு விசாவுக்குப் பணம் திரட்டும் பேச்சு நடக்கிறது. அவர்களிடம் நாங்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. ஒரு துப்புரவுத் திருத்தத்தை அனுப்பினால் உடனே எவரும் ஊதியம் தரமாட்டார்கள். ஆனால் பிறர் எழுதிய பழைய நிரலைப் பொறுமையாகப் படித்து, எதையும் உடைக்காமல் திருத்தும் திறன் வேலை செய்தே வருவது. வகுப்பறையில் மட்டும் கிடைப்பதன்று. அவர் அனுப்பிய திருத்தமும் அதன் மீது நடந்த உரையாடலும் எவரும் பார்க்கும்படி பதிவில் நிற்கும். நேர்காணலில் காட்டுவதற்கு அதைவிட நேர்மையான சான்று வேறென்ன இருக்கிறது?

தொடங்க விரும்புபவர்களுக்கு நாங்கள் சொல்லும் முறை எளிது. கம்பைலரின் எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கி, அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று பழைய பதிவுகளில் தேடிப் படிக்காமல் நீக்காதீர்கள். ஒரு திருத்தத்தில் ஒரே வேலை இருக்கட்டும். இடைவெளிகளைச் சீராக்குவதையும் செயலை மாற்றுவதையும் ஒன்றாகக் கலந்தால், சரிபார்ப்பவர் கண்ணுக்கு முக்கியமானது தப்பிவிடும். தொகுத்ததோடு நில்லாமல், பழைய கணினி ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். என்ன செய்தீர்கள் என்பதைவிட ஏன் செய்தீர்கள் என்பதை விளக்கமாக எழுதி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் மனம் சோராமல் மீண்டும் திருத்துங்கள்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி உள்ளது. வெட்டுவித்தவரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. பின்வந்த தலைமுறைகளில் அத்தகைய ஏரிகளுக்குள் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சுமந்ததால் நிலைத்த ஏரிகள் இன்னும் நீர் தருகின்றன. பெயர் தெரியாத அவர்களுடைய உழைப்பையும் படைத்தவன் அறிவான் என்பதே நம் நம்பிக்கை.

உங்கள் வீட்டிலும் பயன்படாத மடிக்கணினி இருந்தால், எடைக்குப் போடும் முன் கணினி தெரிந்த ஒரு தம்பியிடம் கொடுத்துப் பாருங்கள். சி மொழி கற்ற பிள்ளைகள் இருந்தால், வாரத்தில் ஒரு மணி நேரம் இப்பணிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பிறருக்குத் தொல்லை தராமல் தொல்லையை நீக்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.