வாசற்படியும் ஒரு வெண்பாவும்

கரக்பூர் நிலையத்தின் பிளாட்பாரம் 1,072.5 மீட்டர் நீளமுடையது. உலகிலேயே நீளமானது என்ற பெருமை ஒரு காலத்தில் அதற்கு இருந்தது. 2013-ஆம் ஆண்டில் கோரக்பூரும், அதன்பின் 2023-இல் ஹூப்ளியும் அப்பெருமையைத் தட்டிக்கொண்டு போயின. பெருமை போயிற்றே தவிர, பெட்டி படுக்கையுடன் நடக்க வேண்டிய தூரத்தில் ஓரடியும் குறையவில்லை. சென்ற விடுமுறையில் அந்தத் தூரத்தை மனைவியோடும் பத்து வயது மகளோடும் நடந்து கடந்தோம். ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆண்டவன் அளித்த வரங்களுள் தலையாயது இலவசப் பாஸ். அதைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியேறினோம்.

சென்னை வரை ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர். பிறகு எழும்பூரில் வேறு வண்டி. விழுப்புரம், மயிலாடுதுறை வழியாகக் குடந்தை. அங்கேதான் நம் தந்தையார் இருக்கிறார். எண்பதை எட்டிவிட்டார். முழங்கால் வலியால் தெருவில் இறங்குவதில்லை. காலை காப்பி முடிந்ததும் வாசற்படியில் அமர்ந்தாரானால், போவோர் வருவோரிடமெல்லாம் சிலேடையாக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். கீரைக்காரி முதல் தபால்காரர் வரை அந்தக் கப்பத்தைச் செலுத்தாமல் அவ்வாசலைக் கடக்க இயலாது.

பேத்தியைக் கண்டதும் அவர் தம் கைவரிசையைக் காட்டினார். "கரக்பூர் என்கிறார்களே, அங்கே எல்லோரும் கரகம் ஆடுவார்களோ?" என்றார்.

"இல்லை தாத்தா, அங்கே ரயில்தான் ஓடும்" என்றாள் குழந்தை, மிகுந்த பொறுப்புடன்.

கூடத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிய குழந்தையின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டிற்று. உள்ளே ஓடி அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு வங்காளத்தில் விடுகதை தெரியும். ஹிந்தியில் வேடிக்கைக் கதைகள் தெரியும். வீட்டில் நாம் பேசும் தமிழோ, "சாப்பிட்டாயா? தூங்கு. செருப்பை அங்கே வை" என்ற அளவில் நின்றுவிட்டது. ஏவல் வினைகளால் மட்டும் வளர்ந்த தமிழில் கரகமும் ஏது, சிலேடையும் ஏது? குற்றம் நம்முடையதே.

அதற்குப் பின் இரண்டு நாள் தந்தையார் பேத்தியிடம் ஒரு சிலேடையும் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டுமே கேட்டார். நம்மையே கண்ணாடியில் பார்த்ததுபோல் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் தஞ்சை வழியாகத் திருச்சி சென்று திருவானைக்காவை அடைந்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அமைந்த தீவு அது. பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரியது. சம்புகேசுவரர் சந்நிதியில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். உச்சிக்கால வழிபாட்டில் அர்ச்சகர் புடவை அணிந்து, அம்பிகையின் கோலத்தில் வந்து பூசை செய்வார். குழந்தை கண் இமைக்காமல் பார்த்தாள்.

சிலேடைக்கு அரசனான காளமேகப் புலவருக்குத் தாயகம் போன்றது இவ்வூர். பதினைந்தாம் நூற்றாண்டினர் அவர். திருவரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன் என்பவர், ஆனைக்கா ஆலயத்து மோகனாங்கியின்பால் கொண்ட அன்பினால் சைவரானார் என்பதும், அம்பிகை தாம்பூலச் சாற்றை அவர் வாயில் உமிழ, கார்மேகம் போலக் கவி பொழிந்தார் என்பதும் செவிவழி வரலாறு. இத்தலத்தின்மேல் அவர் பாடிய உலா ஒன்றும் உண்டு. ஆயினும் நாட்டில் அவர் பெயர் நிலைத்திருப்பது தனிப்பாடல்களாலேயே. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தார். பாம்பையும் வாழைப்பழத்தையும் மற்றொன்றில் அடைத்தார். அடுக்களை, சந்தை, சத்திரம் ஆகியவற்றில் கண்ட எதையும் அவர் பாட்டுக்குப் புறம்பென்று தள்ளவில்லை.

சந்நிதித் தெருவில் நீர்மோர் வாங்கிக் குடித்தோம். அதுவே தக்க சமயமென்று மகளுக்கு மோர்க் கதையைச் சொன்னோம். மோர் விற்பவள் கலந்த தண்ணீரின் அளவைக் கண்ட புலவர் மோரையே விளித்துப் பாடினாராம். வானத்தில் இருந்தபோது உனக்கு மேகம் என்று பேர், தரைக்கு வந்தபின் நீர் என்று பேர், இவள் கைக்கு வந்ததும் மோர் என்று பேர், ஆக மூன்று பேர் பெற்றாய் என்பது அதன் கருத்து.

குழந்தை ஒரு கணம் யோசித்தாள். "அப்பா, எங்கள் பள்ளிக்கூடத்துப் பருப்பும் அப்படித்தான்!" என்று சொல்லிக் கலகலவென்று சிரித்தாள். ஆனைக்கா வீதியில், தமிழில் கேட்ட ஒரு வேடிக்கைக்கு, யாரும் விளக்காமலே நம் மகள் சிரித்த முதற் சிரிப்பு அது.

உற்சாகம் மிகுந்து நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரக் கதையையும் தொடர்ந்தோம். பொழுது சாயும்போது அரிசி வரும். உலையில் இடும்போது ஊர் அடங்கும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழும் என்று பசியோடு காத்திருந்த புலவர் பாடினாராம். சத்திரத்தார் மனம் வருந்த, அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம். நாட்டில் பஞ்சம் வந்த காலத்திலும் இங்கே அரிசி வரும், அதனால் ஊரார் பசி அடங்கும், சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளியும் நாணி எழுந்தோடும் என்றாராம். தாமதமாக வரும் வண்டிகளுக்குச் சமாதானம் சொல்லிப் பழகிய நமக்கே அத்திறமை வியப்பளித்தது. ஆனால் மகள் கேட்டாள்: "ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாமா? அப்படியானால் தாத்தா கரகம் என்றது என்னைக் கேலி செய்வதற்காக அல்லவா?"

"அல்ல அம்மா. உன்னோடு விளையாடுவதற்காக."

குடந்தைக்குத் திரும்பியதும் அவள் நேரே வாசற்படிக்குச் சென்று தாத்தாவின் அருகில் அமர்ந்தாள். "தாத்தா, எனக்கும் ஒன்று சொல்லுங்கள்" என்றாள். தந்தையார் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மறுநாள் காலை வரை தவணை கேட்டார். நாம் புறப்படும் வேளையில் ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார். அதில் இருந்தது இது:

அப்பாவுக் கென்றால் படியென்ப தூதியமாம்
அப்படியே அன்னைக் களவையாம் – இப்படியே
பள்ளியிலே உன்றனக்குப் பாடமாம் பாட்டனுக்கோ
உள்ளபடி காத்திருக்கும் கல்.

"இதில் எத்தனை படி இருக்கிறது, சொல் பார்ப்போம்" என்றார்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். அப்பா வாங்கும் பஞ்சப்படி ஒன்று. அம்மா அரிசி அளக்கும் படி இரண்டு. பள்ளியில் படி படி என்பது மூன்று. தாத்தா உட்கார்ந்திருக்கும் படி நான்கு. "நான்கு!"

"இல்லை, ஏழு. மீதி மூன்றை ஊருக்குப் போய்க் கண்டுபிடித்து எழுது."

திரும்பும் வண்டியில் அந்தத் தாள் கசங்கிக் கந்தலாயிற்று. விஜயவாடா தாண்டியபோது 'அப்படி' அகப்பட்டது. உடனே 'இப்படி'யும் பின்தொடர்ந்தது. ஏழாவது மட்டும் ஒளிந்துகொண்டது. நமக்குத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கரக்பூர் வந்து ஒரு வாரம் சென்றபின், ஒருநாள் இரவு விளக்கணைத்த பிறகு, "அப்பா! உள்ளபடி!" என்று படுக்கையிலிருந்து கூவினாள்.

மறுநாளே தாத்தாவுக்கு அஞ்சலட்டை எழுதினாள். ஏழையும் வரிசையாக எழுதி, கோணலும் மாணலுமான எழுத்தில் கீழே இப்படிச் சேர்த்திருந்தாள்: "தாத்தா, இனிமேல் நான் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதவும். இது எட்டாவது." இதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெளியூரில் வாழும் நாம் ஊரிலிருந்து அப்பளம் கொண்டுவருகிறோம், ஊறுகாய் கொண்டுவருகிறோம், காப்பிப் பொடியும் கொண்டுவருகிறோம். சிலேடையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது. சொல்பவர் ஒருவர், கேட்டுச் சிரிப்பவர் ஒருவர் என இருவர் வேண்டும். இருவரில் ஒருவருக்குச் சொல் புரியாவிட்டால் மற்றவரும் ஊமையாகிவிடுகிறார். வாசற்படியில் இரண்டு நாள் அதைக் கண்ணால் கண்டோம். இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது ஏவல் வினைகளைக் குறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சொல்லை எடுத்து உருட்டுகிறோம். பாதி நாள் ரசம் ஆறிப்போகிறது, பாதகமில்லை.

பத்து நாளில் தந்தையாரின் மறுமொழி வந்தது. பெரிய எழுத்தில் ஒரே வாக்கியம்: "உன் அப்பாவின் வரும்படி எப்படி இருந்தாலும், அடுத்த விடுமுறைக்கும் நீ இங்கே வரும்படி."

மகள் படித்துவிட்டுத் துள்ளினாள். நாள்காட்டியின் முன் நின்று விடுமுறைக்கு எத்தனை மாதம் என்று எண்ணத் தொடங்கினாள். அவள் ஒரு வரும்படியை எண்ண, நாம் மற்றொரு வரும்படியை எண்ணிக்கொண்டிருந்தோம்.