படத்தின் பின்னால் வருடம் இருக்கிறதா?

வேலூர், ஆம்பூர் பக்கத்துப் பழைய ஆல்பங்கள் பலவற்றில் வேலூர்க் கோட்டை இருக்கும். அகழி ஓரம் அப்பா, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் பக்கத்தில் அத்தை. எந்த வருடம் எடுத்தாலும் யாளிகள் ஒரே மாதிரிதான்.

படத்தில் தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்த இந்தக் கோயிலின் கருவறை, பல தலைமுறைகளாக சாமி இல்லாமல் கிடந்தது. 1981 மார்ச் 16 அன்றுதான், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் வந்தவர்கள் சிற்பம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வந்தவர்கள் சாமி கும்பிட்டார்கள்.

அத்தை எதைப் பார்த்தார்? வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். இந்த வாரமே ஆல்பத்தை அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் வருடத்தைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள்.